நடிகனாக விரும்பும் மகன்: பாம்பன் தாய்க்கு ஒரு பதில்

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

பிளஸ் டூ முடித்த தங்கள் மகன் நடிகனாவேன் என்று பிடிவாதமாக நிற்பதையும், சென்னையில் ஒரு பயிற்சி மையம் முன்பணம் கேட்பதையும், மீன்பிடித் தடைக்காலத்தில் படகு கரையில் நிற்கும்போது நகையை அடகு வைக்கலாமா என்று தாங்கள் தவிப்பதையும் கடிதத்தில் படித்தேன். நகையை வைக்க வேண்டாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் கடல் வருமானம் இல்லாத வீட்டில் வாங்கும் கடன், பையன் மேடையேறுவதற்குள் வட்டியால் வளர்ந்துவிடும். பட வாய்ப்பு வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்பவர் யாராக இருந்தாலும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். நடிகருக்குச் சம்பளம் கொடுப்பதுதான் இத்தொழிலின் முறை.

அதற்காக மகனைத் தடுக்கவும் சொல்லவில்லை. நம் மாவட்டத்தில் இந்தப் பேச்சு எழுந்தாலே பரமக்குடியில் பிறந்த கமல்ஹாசனை உதாரணம் காட்டுவார்கள். அவர் 1960-லேயே குழந்தை நட்சத்திரமாகத் திரைக்கு வந்தவர். பள்ளி முடித்துத் தொடங்குகிறவருக்கு அந்த வழி பொருந்தாது. விஜய் சேதுபதியின் வழி பொருந்தும். வணிகவியல் பட்டம் பெற்றுக் கணக்காளராகப் பணியாற்றிய அவர், ந. முத்துசாமி 1977-இல் தொடங்கிய கூத்துப்பட்டறை என்னும் சென்னை நாடகக் குழுவிலும் கணக்கு வேலையில் இருந்தபடியே நடிகர்களைக் கவனித்து, சிறு வேடங்களில் காத்திருந்து, 2010-இல்தான் கதாநாயகனானார்.

டெல்லியிலுள்ள தேசிய நாடகப் பள்ளியின் மூன்றாண்டுப் படிப்பில் சேர ஏதேனும் ஒரு பட்டமும், குறைந்தது ஆறு நாடகங்களில் பங்கேற்ற அனுபவமும், இந்தி, ஆங்கிலப் பழக்கமும் வேண்டும். தேர்வானவர்களுக்கு உதவித்தொகை உண்டு. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் நாடக முதுகலைக்கும் பட்டம் தேவை. எனவே, ‘நடிப்பு கைகொடுக்காவிட்டால் டிகிரியாவது இருக்கட்டும்’ என்று வீட்டில் பேசாதீர்கள். நல்ல நடிப்புப் பள்ளிகள் கேட்கும் முதல் தகுதியே அதுதான் என்று சொன்னால் பையனே படிப்பான்.

நாடக அனுபவத்துக்குச் சென்னை போக வேண்டியதில்லை. கல்லூரி நாடகக் குழு இருக்கிறது. ஈஸ்டரை ஒட்டி நடக்கும், இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பாஸ்கா நாடகம் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் வள்ளி திருமணம் நாடகம் இருக்கிறது. ராஜபார்ட் (நாயகன் வேடம்) போடுபவர் ஓரூரிலிருந்தும் ஸ்திரீபார்ட் (நாயகி வேடம்) போடுபவர் வேறூரிலிருந்தும் வந்து, ஒத்திகை ஏதுமின்றி அன்றிரவே மேடையேறுவார்கள். நாரதருக்கும் வள்ளிக்கும் தர்க்கம் சூடுபிடிக்கையில், எதிராளி எந்தச் சொல்லில் முடிக்கிறாரோ அதையே பிடித்துப் பதிலைத் தொடங்குவதையும், ஆர்மோனியக்காரர் சுருதியை எடுத்துக் கொடுக்கும் அந்த ஒரு நொடியில் நடிகர் மூச்சைச் சேர்த்துக்கொள்வதையும் மகன் மேடையோரம் உட்கார்ந்து கவனிக்க வேண்டும். எதிரில் நிற்பவர் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்கத் தெரியாதவர், கேமரா முன் எவ்வளவு அழகாக நின்றாலும் நடிகராக மாட்டார் என்பது என் கருத்து. (இதை நாட்டாமையாகச் சொல்லாமல் பக்குவமாகச் சொல்லுங்கள், இந்த வயதில் கோபம் வரும்.)

இப்போது செய்ய வேண்டியது, அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கான இணையவழி விண்ணப்பத்தைக் கடைசித் தேதிக்குள் போட்டுவிடுவது. ராமநாதபுரம் சேதுபதி அரசு கலைக் கல்லூரியில் இடம் கிடைத்தால் பாம்பனிலிருந்தே போய் வரலாம். விடுதிச் செலவு மிச்சம். நடிக்கும் ஒவ்வொரு நாடகத்தின் நோட்டீஸையும் புகைப்படத்தையும் ஒரு கோப்பில் சேர்த்து வரச் சொல்லுங்கள். நாடகப் பள்ளியின் தேர்வுக் குழு ஆதாரம் கேட்கும்போது காட்டுவதற்கு அவைதான் உதவும்.