மீட்புக் குழுவிடமிருந்து சின்ன நாய்: பார்த்த அன்றே தூக்கி வரலாமா?

கேள்வி: சேலம் அம்மாப்பேட்டையில் மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். 70 வயது மாமியாரும் 7 வயது மகனும் உடன் இருக்கிறார்கள். ஏற்காடு அடிவாரத்தில் தனியாகத் திரிந்த பொமரேனியன் மாதிரியான பெண் நாயை மீட்புக் குழுவினர் தத்துக்கு விட்டிருக்கிறார்கள். 3 வயது, 5 கிலோ என்கிறார்கள். இந்த ஞாயிறு போய் எடுத்துவரலாம் என்றிருக்கிறோம். எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

பதில்: ஞாயிறு போய்ப் பாருங்கள். அன்றே தூக்கி வராதீர்கள்.

படத்தில் தெரிவது முடியும் கண்ணும்தான். அதன் குணம், இப்போது அதை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவருக்குத்தான் தெரியும். அவரிடம் அரைமணி நேரம் உட்கார்ந்து பேசுங்கள். சாப்பிடும்போது தட்டுப் பக்கம் கை போனால் உறுமுகிறதா? பிள்ளைகள் ஓடினால் துரத்துகிறதா, ஒளிகிறதா? தனியாக விட்டால் எவ்வளவு நேரம் குரைக்கிறது? "நல்ல நாய்ங்க, ஒண்ணும் பண்ணாது" என்பது மட்டும் பதிலாகாது. மகனைக் கட்டாயம் அழைத்துப் போங்கள். நாயைத் தூக்க விடாமல் தரையில் உட்கார வையுங்கள். அதுவாகவே கிட்டே வருகிறதா என்று பாருங்கள்.

திரிந்த நாய் என்பதால் இன்னொரு கேள்வியும் உண்டு: உரிமையாளரைத் தேடினார்களா? கைவிடப்பட்டதற்கும் வழி தவறி வந்ததற்கும் நிறைய வித்தியாசம். மைக்ரோசிப் (தோலுக்கடியில் பொருத்தும் அடையாளச் சில்லு) இருக்கிறதா என்று மருத்துவமனையில் ஸ்கேன் செய்து, அக்கம்பக்கத்திலும் விசாரித்திருக்க வேண்டும்.

உடல்நிலையில் முதலில் பார்க்க வேண்டியது உண்ணிக் காய்ச்சல். அடிவாரத்துப் புதர்களில் சுற்றிய நாய்க்கு உண்ணி இல்லாதிருந்தால்தான் ஆச்சரியம். எர்லிக்கியா, பபேசியா என்ற இரண்டு ரத்தக் கிருமிகளையும் பரப்புவது உண்ணிதான். வெளியே நன்றாகத் தெரியும் நாய்க்குக்கூட உள்ளே தட்டணுக்கள் குறைந்திருக்கலாம். டெங்குவுக்கு நமக்குப் பார்ப்பதுபோல் இதற்கும் ரத்தம் பார்த்துவிடுங்கள். தடுப்பூசி அட்டை இல்லையென்றால் ஊசியே போடவில்லை என்று வைத்துக்கொண்டு, ரேபிஸ் ஊசியையும் மற்ற நோய்களுக்கான கூட்டு ஊசியையும் புதிதாகத் தொடங்குவதே சரி. கருத்தடை ஆகவில்லையா? தள்ளிப்போடாதீர்கள்; நடுவயதில் கர்ப்பப்பையில் சீழ் பிடித்து உயிருக்கே ஆபத்தாகலாம். சின்ன ரகங்களில் முழங்கால் சில்லு விலகுவதும் பல்லில் காரை கட்டுவதும் சகஜம். நடக்கும்போது பின்கால் ஒன்றைத் தூக்கித் தூக்கி வைக்கிறதா என்று கவனியுங்கள். கழுத்துப் பட்டையில் சங்கிலி மாட்டி இழுத்தால் மூச்சுக்குழாய் பாதிக்கும். மார்பைச் சுற்றும் ஹார்னஸ்தான் இதற்கு ஏற்றது.

ஊசிக்கும் கருத்தடைக்கும் ஆன செலவைக் குழு கேட்பது நியாயம், ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். நாயைக் காட்டாமலே "முன்பணம் அனுப்புங்கள், வண்டியில் ஏற்றிவிடுகிறோம்" என்பவர்களிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

வீட்டு உரிமையாளரின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள், வாட்ஸ்அப் செய்தியானாலும் போதும். வாய்வார்த்தை, பக்கத்து வீட்டிலிருந்து முதல் புகார் வரும்வரைதான் நிற்கும். மாடிக் கைப்பிடிக் கம்பிகளுக்கு வலை அடியுங்கள். தலை நுழையும் இடைவெளியில் உடம்பும் நுழைந்துவிடும்.

கூட்டிவரும்போது கூண்டில் வைத்துக் காரில் வாருங்கள், ஸ்கூட்டரில் மடியில் வைத்து வேண்டாம். கிளம்புவதற்கு நாலு மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்திவிட்டால் வாந்தி குறையும்.

முதல் மூன்று நாள் சரியாகச் சாப்பிடாமல் மூலையில் ஒளியலாம், தவறில்லை. ஆனால் தண்ணீரும் குடிக்காமல், வாந்தியோ ரத்தப்போக்கோ இருந்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். தப்பி ஓடும் பயமும் இந்த நாள்களில்தான் அதிகம். கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் நாய் உள்ளறையில் இருக்கட்டும். உங்கள் கைப்பேசி எண் எழுதிய வில்லையை முதல் நாளே மாட்டிவிடுங்கள். சொந்தக்காரர்கள் பார்க்க வருவது இரண்டு வாரம் கழித்து இருக்கட்டும். ஆடித் திருவிழா மேளமும் தீபாவளி வெடியும் நெருங்கும் வாரமென்றால் தத்தெடுப்பதையே தள்ளிவையுங்கள்.

முதல் வாரம் இதுவரை தின்ற சாப்பாடே கொடுங்கள். பிறகு ஏழு, எட்டு நாளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றுங்கள். 5 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு உலர் தீவனம் ஏறக்குறைய 90 முதல் 100 கிராம், இரண்டு வேளையாகப் பிரித்து. வீட்டுச் சாப்பாடென்றால் சோற்றோடு வேகவைத்த கோழியோ முட்டையோ சேர்க்க வேண்டும். வெறும் தயிர் சாதத்தில் புரதம் போதாது. வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் கூடவே கூடாது. மாமியார் பாசத்தில் ஊட்டிவிடக்கூடும், அவரிடம் முன்பே சொல்லிவையுங்கள்.

சேலத்து வெயிலுக்கு முடியை ஒட்ட வெட்டாதீர்கள். அந்த இரட்டை முடிதான் தோலைக் காக்கிறது. நாள்தோறும் சீவிவிட்டு, கோடையில் காலை 7 மணிக்குள் நடை முடித்துவிடுங்கள். புறங்கையைத் தார் ரோட்டில் ஏழு விநாடி வைக்க முடியாவிட்டால் அதன் பாதத்துக்கும் அது சூடுதான்.

மகனைக் கீறினாலோ கடித்தாலோ உடனே சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். நாய்க்கு ஊசி போட்டிருந்தாலும் சரி.

தத்துப் படிவத்தில் கையெழுத்திடும் முன், ஒத்துவராவிட்டால் நாயைக் குழுவே திரும்ப ஏற்கும் என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுதித் தரச் சொல்லுங்கள். அதைத் தர மறுக்கும் குழுவிடம் எடுக்க வேண்டாம்.