பேமானி முதல் பொறம்போக்கு வரை: கேள்வி பதில்

ராயபுரம்: பேமானி, கஸ்மாலம், சோமாறி எல்லாம் மெட்ராஸ் பாஷையிலேயே பிறந்தவைதானே?

மூன்றும் வந்து குடியேறியவை. பேமானி உருது வழி வந்த பாரசீகம். ‘பே’ இல்லாத, ‘ஈமான்’ நேர்மை. உருதுவில் பேஈமான் ஆளைக் குறிக்கும், பேஈமானி அவன் செய்யும் மோசடியை. இங்கே மோசடியின் பெயரே ஆளுக்கு ஒட்டிக்கொண்டது. கஸ்மாலம் வடமொழி ‘கச்மலம்’. கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் ‘இந்தக் கச்மலம் உனக்கு எங்கிருந்து வந்தது’ என்று அர்ஜுனனைக் கண்ணன் கேட்கிறான். அங்கே அது மனத்தளர்ச்சி. அழுக்கு என்றும் பொருள் உண்டு; ரிக்‌ஷா ஸ்டாண்டுக்கு வந்தது அந்த அழுக்குதான். தெலுங்கில் ‘சோமரி’ என்றால் சோம்பேறி.

மடிப்பாக்கம்: பன்னாடை?

தென்னை, பனை மட்டையின் அடியில் மரத்தைச் சுற்றியிருக்கும் பழுப்பு நார்வலை. கள் வடிகட்டுவார்கள். நல்லது இறங்கிவிடும், ஈயும் எறும்பும் தங்கும். நன்னூல் கடை மாணாக்கருக்கு இல்லிக்குடம் (ஓட்டைக்குடம்), ஆடு, எருமையோடு ‘நெய்யரி’யையும் உவமை சொல்கிறது. நெய்யரி பன்னாடையேதான். அந்த வகையில் இது வாத்தியார்கள் வீட்டுத் திட்டு.

மயிலாப்பூர்: தேருக்கு முட்டுக்கட்டை போடும் ஆள்தான் முட்டாள் என்கிறார்களே?

கதை. சொல்பவர் யாரும் பழைய வரி ஒன்றைக்கூடக் காட்டுவதில்லை.

மயிலாப்பூர் (மறுபடியும்): முட்டு, ஆள் என்று பிரித்தால் சரியாக வருகிறதே!

பிரிவது ஆதாரமாகாது. முட்டு என்றால் தடை, மோதல், தட்டுப்பாடு. ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை கட்டலாம். தேர் திரும்பும்போது கட்டையைச் சரியான சாய்வில் சக்கரத்தடியில் கொடுக்க வேண்டும், பிந்தினால் கை போகும். அந்த வேலையை அறிவில்லாதவனிடமா விடுவார்கள்? சரிபார்க்க வழி: பேச்சு வடிவத்தை எழுத்து வடிவமாக்குங்கள். சென்னைப் பல்கலைக்கழக லெக்சிகன் (1924–1936), அதற்கு முந்தைய வின்சுலோ அகராதி (1862) இரண்டிலும் தேடுங்கள். இல்லையென்றால் தெலுங்கு, கன்னடம், உருது. வாட்ஸ்அப் கடைசியில்கூட வேண்டாம்.

தி.நகர்: முட்டாள் தேரோடு சம்பந்தப்பட்டதா?

மேலே படியுங்கள்.

வேளச்சேரி: பொறம்போக்கு?

வருவாய்த்துறையின் ‘புறம்போக்கு’. தீர்வை விதிக்காமல் பொதுவுக்கு ஒதுக்கிய நிலம்: ஏரி, கால்வாய், வண்டிப்பாதை, மேய்க்கால், சுடுகாடு. கிராமத்தின் ‘அ’ பதிவேட்டில் இன்றும் அப்படித்தான் இருக்கும். ஊருக்கே சொந்தமானது ‘கேட்க ஆளில்லாதது’ ஆகி, பிறகு உதவாக்கரை மனிதன் தலையில் ஏறியது. நினைப்பு கெட்டால் நிலமும் கெடும். உங்கள் பக்கத்துப் பள்ளிக்கரணைக் கழுவெளியைத் தரிசு என்று நினைத்துத்தான் குப்பை கொட்டினார்கள். 2022இல் அது ராம்சார் தளம், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலம்.

தாம்பரம்: எங்கள் மனை நத்தம் புறம்போக்கு. பட்டா கிடைக்குமா?

தாலுகா அலுவலகம் போங்கள்.

வியாசர்பாடி: சாவுகிராக்கி?

கிராக்கி சவாரிக்கு வருபவர். வண்டிக்குக் குறுக்கே பாய்பவர் சாவுக்கு வாடிக்கை.

அடையாறு: சண்டாளன் பொதுவான திட்டுதானே?

இல்லை. தமிழ்நாட்டின் பட்டியல் சாதிகளில் இருக்கும் பெயர் அது. இன்னும் சில சாதிப் பெயர்களையும் கேட்டிருக்கிறீர்கள். அவற்றைத் திட்டாக வைத்து இங்கே அலச மாட்டேன். பட்டியல் சாதியினரை, பழங்குடியினரைச் சாதி சொல்லி இழிவுபடுத்தினால் 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாயும். ‘பேச்சு வழக்குதானே’ என்பது அங்கே கைகொடுக்காது.

அண்ணா நகர்: டுபாக்கூர், துபாஷிலிருந்து வந்ததா?

மறுபடியும் தேரா? துபாஷ் கிழக்கிந்தியக் கும்பினிக் காலத்து இருமொழி இடைத்தரகர், அது சரி. துபாஷுக்கும் டுபாக்கூருக்கும் நடுவில் ஒரே ஒரு வடிவத்தைக் காட்டுங்கள், பேசுவோம்.