நண்டு சாகவில்லை என்றால் கீபோர்டைத் திட்டாதீர்கள்

கேள்வி: தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். செகண்ட் ஹேண்ட் கம்ப்யூட்டர் ஒன்று வாங்கி, நண்பர் சொன்னார் என்று 'மாரோவிண்ட்' ஆட ஆரம்பித்தேன். நண்டு கண்ணெதிரே நிற்கிறது, கத்தி அதன் மேல் படுவதும் தெரிகிறது, ஆனால் அடி விழுவதே இல்லை. கீபோர்டில் ஆடினால் அப்படித்தான், கையில் பிடித்து ஆடும் கன்ட்ரோலர் வாங்கு என்கிறார்கள். பாரிமுனைப் பக்கம் ஒரு கடைக்காரர் 'ஒரிஜினல் பிஎஸ்4 கன்ட்ரோலர்' 1,400 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். அந்த நண்டு பிழைத்துக்கொண்டதற்கும் உங்கள் கைக்கும் சம்பந்தமே இல்லை.

'மாரோவிண்ட்' 2002-இல் வந்த கேம். கதாபாத்திரத்தின் கண் வழியாகப் பார்த்து ஆடுவதால், துப்பாக்கி கேம் மாதிரி குறி பார்த்து அடித்தால் போதும் என்று தோன்றும். உள்ளே உருள்வது தாயக்கட்டை. நீங்கள் ஒவ்வொரு முறை க்ளிக் செய்யும்போதும் கேம் ஒரு கணக்குப் போட்டு, அடி விழுமா விழாதா என்று தானே முடிவு செய்கிறது. கத்தி நண்டைத் தொட்டது போலத் தெரிவது படம் மட்டும்தான்.

கணக்கு சுலபம்தான். கையில் இருக்கும் ஆயுதத்துக்கான திறன், அதோடு சுறுசுறுப்பில் ஐந்தில் ஒரு பங்கு, அதிர்ஷ்டத்தில் பத்தில் ஒரு பங்கு. இவற்றைக் கூட்டி, களைப்பால் பெருக்க வேண்டும். தெம்பாக இருந்தால் 1.25, முழுக்கக் களைத்துப்போயிருந்தால் 0.75.

நீங்கள் விவரமாக எழுதவில்லை, இருந்தாலும் நடந்ததை ஊகிக்க முடிகிறது. கேமின் ஆரம்பத்தில் வரும் அரசாங்க அலுவலகத்தில் மேஜை மேல் ஒரு இரும்புக் குத்துவாள் கிடக்கும். எல்லோரும் அதை எடுத்துக்கொள்வார்கள், நீங்களும் எடுத்திருப்பீர்கள். ஆனால் பாத்திரத்தை உருவாக்கும்போது நீள்வாளையோ கோடரியையோ தேர்ந்தெடுத்திருப்பீர்கள். அப்படியானால் குத்துவாளில் உங்கள் திறன் வெறும் 5. சுறுசுறுப்பும் அதிர்ஷ்டமும் 40, 40 என்று வைத்துக்கொள்வோம். 5, 8, 4 கூட்டினால் 17. ஊரை விட்டு ஓடிக்கொண்டே போயிருப்பீர்கள், ஓடினால் களைப்பு ஏறும். 17-ஐ 0.75-ஆல் பெருக்கினால் 13 கூட வராது. நூறு அடிக்குப் பதிமூன்று. அதிலும் நண்டு விலகிக்கொள்ளும் கணக்கைக் கழிக்க வேண்டும்.

இப்போது தேர்ந்தெடுத்த ஆயுதத்தை எடுங்கள். திறன் 40 இருந்தால் 40, 8, 4 சேர்ந்து 52. நடந்து போய்த் தெம்பாக நின்று அடித்தால் 65. அதே கீபோர்டு, அதே விரல்.

ஆக, செய்ய வேண்டியது இவ்வளவுதான். முதல் ஊரிலேயே அரில் என்பவரின் கடை இருக்கிறது, அங்கே உங்கள் திறனுக்கேற்ற ஆயுதமாகப் பார்த்து வாங்குங்கள். எதிரியை நெருங்கும் முன், தெம்பைக் காட்டும் பச்சைக் கோடு நிரம்பும் வரை நில்லுங்கள். செட்டிங்ஸில் 'எப்போதும் சிறந்த அடி' என்ற பொருளில் ஒரு தேர்வு இருக்கும், அதைப் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் முன்னே நகர்ந்தால் குத்து, பக்கவாட்டில் நகர்ந்தால் வீச்சு என்று உங்கள் கால் அசைவே அடியின் வகையைத் தீர்மானிக்கும். மவுஸ் பட்டனைத் தட்டிவிட்டு எடுக்காமல் அழுத்திப் பிடித்து விட்டால் அடி பலமாக விழும். இதே கேம் அதே ஆண்டு எக்ஸ்பாக்ஸிலும் வந்தது. கன்ட்ரோலர் பிடித்து ஆடியவர்களும் இதே நண்டிடம் இப்படித்தான் திணறினார்கள்.

எல்லா கேமும் இப்படி இல்லை. 2011-இல் வந்த 'ஸ்கைரிம்' விளையாட்டில் வாள் பட்டால் பட்டதுதான். திறன் கூடினால் அடியின் பலம் கூடும், அவ்வளவே. அங்கே கைக்கு வேலை இருக்கிறது, அதனால் அம்பு விட மவுஸ்தான் வசதி. கன்ட்ரோலருக்கு ஒரு நியாயமான சாதகம் உண்டு. அதில் கட்டைவிரலால் தள்ளும் குச்சியைப் பாதி தள்ளினால் பாதி வேகம். கீபோர்டில் நடை அல்லது ஓட்டம், இடைப்பட்ட வேகம் கிடையாது. பதுங்கிப் போகும்போது அந்த வித்தியாசம் தெரியும்.

சரி, கன்ட்ரோலர் யாருக்குத்தான் தேவை? ஒரே ஒரு ஆளுக்குச் சொல்கிறேன். ஹவுசிங் போர்டில் ஒற்றை அறை வீடு. செகண்ட் ஷிஃப்ட் முடிந்து வந்து, பிள்ளைகள் தூங்கிய பிறகுதான் ஆட முடியும். மேஜை போட இடமில்லை, சுவரில் மாட்டிய டிவிதான் திரை. கீபோர்டை மடியில் வைத்துத் தட்டினால் குழந்தை எழுந்துவிடும், மவுஸை நகர்த்தப் பாயில் இடம் இருக்காது. நீங்கள் இந்த நிலைமையில் இருந்தால் தாராளமாகக் கன்ட்ரோலர் வாங்குங்கள். ஆனால் வயர் உள்ளதாக வாங்குங்கள், பேட்டரித் தொல்லை இருக்காது. 'மாரோவிண்ட்' கம்ப்யூட்டர் பதிப்பின் மெனு முழுக்க மவுஸை நம்பிச் செய்தது. அதனால் கேம் விற்கும் தளமான ஸ்டீமின் கன்ட்ரோலர் செட்டிங்கில் ஒரு குச்சியை மவுஸாக மாற்ற வேண்டியிருக்கும். அல்லது 'ஓபன்எம்டபிள்யூ' என்ற இலவச எஞ்சினில், அதாவது கேமை ஓட்டும் மாற்று மென்பொருளில், போட்டு ஆடலாம். காசு கொடுத்து வாங்கிய கேமின் கோப்புகள் அதற்குத் தேவை, கன்ட்ரோலரை அது தானே புரிந்துகொள்ளும். அப்போதும் பாத்திரத்துக்குப் பெயர் அடிக்க கீபோர்டு பக்கத்தில் இருக்கட்டும். எழுத்து பொடியாக இருக்கும், டிவியிலிருந்து தள்ளி உட்கார்ந்தால் படிக்க முடியாது. அதற்கும் செட்டிங் தேட வேண்டும்.

இப்போது அந்த 1,400 ரூபாய் 'ஒரிஜினல்'. அந்த விலைக்கு ஒரிஜினல் கிடைத்தால் எனக்கும் இரண்டு வாங்கிக் கொடுங்கள். கடை பாஷையில் அதற்கு 'ஃபர்ஸ்ட் காப்பி' என்று பெயர், டூப்ளிகேட்டுக்குக் கொடுத்த பட்டம். ரிப்பேருக்கு வருபவற்றைத் திறந்து பார்த்துச் சொல்கிறேன். நடுவில் இருக்கும் டச்பேட், வெளியே பார்க்க ஒரிஜினல் மாதிரியே இருக்கும். அழுத்தினால் 'டக்' என்று சத்தம்கூட வரும். கழற்றினால் பல பீஸ்களில் அடியில் ஒரு சாதாரண பட்டன் மட்டும் இருக்கும், விரல் நகர்வதை உணரும் தகடு இருக்காது. குச்சியின் அடியில் மலிவான பாகத்தைப் போட்டிருப்பார்கள். அது தேய்ந்ததும் நீங்கள் கை வைக்காமலே பாத்திரம் ஒரு பக்கமாக நடந்துகொண்டே இருக்கும்.

கடையிலேயே சோதிக்கலாம். விண்டோஸ் லேப்டாப்பில் செருகி, ரன் பெட்டியில் 'joy.cpl' என்று அடித்தால் ஒரு சின்னப் பெட்டி வரும், அதில் கன்ட்ரோலரின் பெயரைத் தேர்ந்தெடுத்து 'ப்ராப்பர்டீஸ்' அழுத்தினால் ஒரு கூட்டல் குறி தெரியும். குச்சியைச் சுழற்றிவிட்டுக் கையை எடுங்கள். கூட்டல் குறி நடுவுக்கு வந்து அசையாமல் நிற்க வேண்டும். சோதிக்க விடமாட்டேன் என்றால் அங்கேயே திரும்பிவிடுங்கள்.

இன்னொரு ஏமாற்று வியாபாரம் 'மெக்கானிக்கல் ஃபீல்' கீபோர்டு. உண்மையான மெக்கானிக்கலில் ஒவ்வொரு பட்டனுக்கும் அடியில் தனி ஸ்பிரிங் சுவிட்ச் இருக்கும். இதில் கலர் கலராக லைட் எரியும், உள்ளே சாதாரண ரப்பர்தான். 'ஃபீல்' என்ற சொல் பெட்டியில் இருந்தால் மெக்கானிக்கல் இல்லை என்று அர்த்தம். அப்புறம், டெலிகிராமில் 200 ரூபாய்க்கு 'ஷேர்டு அக்கவுண்ட்' தருகிறேன் என்று ஒரு கூட்டம் அலைகிறது. யாரோ ஒருவருடைய ஸ்டீம் பாஸ்வேர்டைப் பத்துப் பேருக்கு விற்பது அது. நாளை பாஸ்வேர்டை மாற்றிவிட்டால் கேமும் போச்சு, காசும் போச்சு. ஸ்டீமில் நேராக வாங்கினால், 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பக் கேட்கலாம். இடைத்தரகனிடம் அதைக் கேட்டுப் பாருங்கள்.

ஏமாந்தால் புகார் கொடுக்க வழி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அடிக்கலாம், நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையான பொருளுக்கு அங்கே கட்டணமே கிடையாது. ஆனால் முதல் கேள்வியே 'பில் இருக்கா?' பில் போட்டால் ஜிஎஸ்டி 18 சதவீதம் சேரும் என்று கடைக்காரர் பயமுறுத்துவார், நாமும் வேண்டாம் என்போம், கதை அங்கேயே முடிந்தது. பில் இருந்தாலும் 1,400 ரூபாய்க்காக எத்தனை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு அலைவது? பிராண்டட் பொருள் மட்டும் என்ன வாழ்கிறது? சீரியல் நம்பரைப் போட்டோ எடு, பில்லை அப்லோடு செய், கூரியரில் அனுப்பு, காத்திரு என்று நம்மையே வேலை வாங்குவார்கள். சட்டம் எழுதியவர்கள் ஒருநாள் கவுன்டரில் வந்து நிற்க வேண்டும்.

அந்தக் கடைக்காரருக்கு அட்வான்ஸ் எதுவும் கொடுத்திருந்தால், இன்றைக்கே போய்க் கேட்டு வாங்கிவிடுங்கள்.