விடுதிப் பாடசாலையில் கணித ஆசிரியர்

கேள்வி: ஹட்டன் பகுதியில் விடுதியுள்ள இடைநிலைப் பாடசாலையொன்றில் கணித ஆசிரியையாகப் பணியேற்கவுள்ளேன். மாலையில் விடுதி மாணவர்களின் படிப்பு நேரத்தையும் மேற்பார்வையிட வேண்டுமாம். இது என் பாடப்பணிக்கு இடையூறாகுமா?
– வாசகி, நுவரெலியா

பதில்: இடையூறாகாது, உங்கள் பாடத்துக்கு அதைவிட நல்ல வாய்ப்பும் கிடைக்காது. சாதாரண தரப் பரீட்சையின் ஆறு கட்டாய பாடங்களுள் கணிதமும் ஒன்று. பாடவேளையில் கையை உயர்த்தத் தயங்கும் மாணவி, மாலையில் நீங்கள் அருகே வந்து அமரும்போது, பின்னக் கணக்கில் எந்தப் படியில் தடுமாறுகிறாள் என்பதைத் தானாகவே சொல்லிவிடுவாள். தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் வாழும் லயக் காம்பராவில் தம்பி தங்கைகளின் சத்தத்துக்கு நடுவே படித்துப் பழகிய பிள்ளைக்கு விடுதியின் அமைதியே முதலில் அந்நியமாக இருக்கும் என்பதால், தொடக்க வாரங்களில் கண்டிப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். வீட்டு நினைவில் அழும் பிள்ளையிடம் அன்று கணக்கைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

ஒன்றில் மட்டும் உறுதியாக இருங்கள்: வாரத்தில் எத்தனை மாலைகள் உங்கள் பொறுப்பு என்பதை அதிபரிடம் பேசி, நேரசூசியில் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். பயிற்சிக் கொப்பிகளைத் திருத்தவும் உங்களுக்கு நேரம் வேண்டுமல்லவா? விடுதியின் ஒழுக்கப் பிரச்சினைகளை விடுதிப் பொறுப்பாளரே கையாளட்டும்.