வேன் பேட்டரி ஆறு மாதத்தில் படுத்துவிட்டதா? குலசேகரத்துத் தம்பிக்கு

தம்பி, நீ கேட்டது இது: குலசேகரத்திலிருந்து மெல்போர்ன் வந்து வேனிலேயே தங்குகிறாய். 100 ஏஎச் (ஆம்பியர்-மணி, பேட்டரியின் கொள்ளளவு) ஏஜிஎம் (மூடி அடைத்த ஈய வகை) பேட்டரி இரண்டு, கூரையில் படுக்கையாக 160 வாட்ஸ் சோலார் பேனல். வெயில் காலத்தில் குறையில்லை. ஜூன் பிறந்ததும் விடியற்காலையில் ஃப்ரிட்ஜ் நின்றுவிடுகிறது. புது பேட்டரி வாங்கவா?

இப்போதைக்கு வாங்காதே. முதலில் வயரைப் பார். ஃப்ரிட்ஜ் ஓடும்போது மல்டிமீட்டரால் பேட்டரி முனையில் அள, பிறகு ஃப்ரிட்ஜ் பிளக் மாட்டும் இடத்தில் அள. இரண்டுக்கும் 0.3 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் குற்றம் வயரில். 1.5 சதுர மி.மீ. வயர் 5 மீட்டர் ஓடினால், போக வர 10 மீட்டர். 5 ஆம்பியர் இழுக்கும்போது 0.6 வோல்ட் வழியிலேயே போய்விடும். பேட்டரியில் 12.2 இருக்கும், ஃப்ரிட்ஜுக்குக் கிடைப்பது 11.6. பேட்டரி இறங்கிவிட்டது என்று நினைத்து அது நின்றுவிடும். 6 சதுர மி.மீ. போட்டால் இழப்பு 0.15தான். இங்கே ஒன்று கவனி: வண்டி சாமான் கடையில் ‘6 மி.மீ. வயர்’ என்று விற்பது மேலுறையோடு சேர்ந்த கனம். உள்ளே செம்பு ஏறக்குறைய 4.6 சதுர மி.மீ.தான். சதுர மி.மீ. கேட்டு வாங்கு. பிளஸ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்கட்டும். நீ படுத்துத் தூங்குகிற வண்டி, இதில் சிக்கனம் பார்க்காதே.

வயரில் குறையில்லை என்றால் பேட்டரி நிறைகிறதா என்று பார்க்க வேண்டும். ஊரில் வீட்டு இன்வெர்ட்டரை வைத்து இதை எடைபோட முடியாது. அங்கே கரண்டு போவது ஒரு மணி, இரண்டு மணி நேரம். மற்ற நேரமெல்லாம் லைன் கரண்டு பேட்டரியை நிரப்பிக்கொண்டே இருக்கும். வேனில் தினமும் இறங்குகிறது, முழுக்க நிறையும் நாள் வருவதில்லை. கரண்டு எடுக்கும்போது ஈயத் தகட்டில் ஈய சல்பேட் படியும். சீக்கிரம் சார்ஜ் ஏற்றினால் கரைந்துவிடும். வாரக்கணக்கில் அரைகுறையாக விட்டால் இறுகிப் பளிங்காகிவிடும். தகட்டின் அந்தப் பகுதி திரும்ப வேலைக்கு வராது. வேனில் பேட்டரியைக் கெடுப்பது பெரும்பாலும் இந்தப் பாதி நிரப்பல்தான்.

ஜூனில் ஏன் என்று கேட்டால், வெயில் சாய்ந்துவிட்டது. கன்னியாகுமரியில் டிசம்பர் மாத உச்சிவேளையிலும் சூரியன் 58 பாகை உயரத்தில் நிற்கும். மெல்போர்னில் ஜூன் உச்சிவேளைக்கு 29 பாகைதான்; பகலும் ஒன்பதரை மணி நேரம். படுக்கையாக இருக்கும் உன் பேனல் ஜனவரியில் ஒரு நாளைக்கு 60 ஏஎச் அளவுக்குத் தந்திருக்கும். இப்போது 20 கிடைத்தாலே பெரிது. நம் ஊரில் பேனலைத் தெற்கே சாய்ப்போம். இங்கே வடக்கே சாய்க்க வேண்டும், குளிர்காலத்தில் நன்றாக நிமிர்த்தி.

ஒரு நாள் செலவை ஏஎச் கணக்கில் பார். ஃப்ரிட்ஜ் ஏறக்குறைய 35, லேப்டாப் 15, ஃபேனும் லைட்டும் போனும் 15. சம்பா அரிசிச் சோறு இன்வெர்ட்டரில் மின்குக்கர் வைத்துப் பொங்குகிறாய் என்றாயே, அதுதான் பெரிய ஓட்டை. 500 வாட்ஸ் குக்கர் ஒரு மணி நேரம் வெந்தால் 45 ஏஎச் போய்விடும். மேலும் 20 மணி நேரம் கொண்டு மெதுவாக எடுத்தால்தான் பேட்டரி 100 ஏஎச் தரும். ஒரேயடியாக 40, 50 ஆம்பியர் இழுத்தால் கிடைப்பது குறையும். சோற்றைக் கேஸ் அடுப்புக்கு மாற்று. ஜன்னலைத் திறந்து வைத்துச் சமை.

எவ்வளவு இறக்கலாம்? பாதி. உனக்கு ரப்பர் வெட்டு தெரியும்: கத்தி பட்டையைத் தாண்டித் தடியில் பட்டால் அந்த இடம் முடிச்சு விழுந்து போகும். அதுபோலத்தான் ஏஜிஎம்மும். லோடு எதுவும் இல்லாமல் சில மணி நேரம் ஓய்ந்தபின் 12.8-க்கு மேல் என்றால் நிறைவு, 12.2 என்றால் பாதி. ஃப்ரிட்ஜில் பேட்டரி பாதுகாப்பு செட்டிங்கை உயர்ந்த நிலையில் வை.

நிரப்புவதில்தான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். 80 சதவீதம் வரை மளமளவென்று ஏறும். கடைசி 20 சதவீதத்துக்கு நான்கைந்து மணி நேரம் 14.4 முதல் 14.7 வோல்ட் வரை பிடித்து நிற்க வேண்டும். சரியான எண் உன் பேட்டரியின் தாளில் இருக்கும். பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே சார்ஜைக் கட்டுப்படுத்தும் கண்ட்ரோலரில் ஏஜிஎம் என்று வைத்திருக்கிறாயா பார், ஜெல் (வேறொரு ஈய வகை) என்று இருந்தால் பேட்டரி சரியாக நிறையாது. இருபது நிமிடம் வண்டி ஓட்டுவது இதற்குப் போதாது. எஞ்சின் ஓடும்போது வண்டிக் கரண்டிலிருந்து பேட்டரியை நிரப்பும் 25 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜரைப் பேட்டரிக்குப் பக்கத்தில் வைத்தால் இரண்டு மணி ஓட்டத்தில் 50 ஏஎச் ஏறும். குளிர்காலத்தில் வாரம் ஒரு ராத்திரி கரண்டு வசதியுள்ள கேரவன் பார்க்கில் 25 ஆம்பியர் சார்ஜரை மாட்டிவிட்டுத் தூங்கு. அந்த வாடகை புது பேட்டரி விலையைவிடக் குறைவு.

இனி சோதனை. இரண்டு பேட்டரியையும் பிரித்துவிடு. ஒன்று கெட்டால் மற்றதையும் இழுத்துக்கொண்டு போகும். தனித்தனியாக முழுக்க நிரப்பி, ஒரு ராத்திரி ஓய்வில் விட்டு அள. 12.5-ஐத் தாண்டாதது சந்தேகத்துக்குரியது. பிறகு 55 வாட்ஸ் ஹெட்லைட் பல்பை ஒவ்வொன்றிலும் பத்து மணி நேரம் எரியவிடு. அணைத்துச் சில மணி நேரம் கழித்து 12.2 அளவில் நின்றால் நல்ல பேட்டரி. நான்கைந்து மணியிலேயே 11.5-க்குக் கீழே விழுந்தால் நிறுத்திவிடு, அதை மாற்றத்தான் வேண்டும். திரும்ப இணைக்கும்போது பிளஸ்ஸை ஒரு பேட்டரியிலிருந்தும் மைனஸை மற்றதிலிருந்தும் எடு. அப்போதுதான் இரண்டும் சமமாக உழைக்கும். பழையதோடு புதியதைச் சேர்க்காதே.

வீட்டுப் பேட்டரிபோல டிஸ்டில்ட் வாட்டர் ஊற்ற ஏஜிஎம்மைத் திறந்துவிடாதே, அது திறப்பதற்கானதல்ல.

இரண்டும் போயிற்று என்றால் 100 ஏஎச் லித்தியம் இரும்பு பாஸ்பேட் ஒன்று போதும். எண்பது தொண்ணூறு சதவீதம் வரை எடுக்கலாம், பாதி நிறைந்து கிடந்தாலும் கேடில்லை. ஆனால் 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றக் கூடாது. மலைப்பக்கம் போனால் கவனம். சார்ஜரிலும் கண்ட்ரோலரிலும் லித்தியம் செட்டிங் இருக்க வேண்டும்.

சோதனை முடிந்ததும் இரண்டு பேட்டரியின் எண்களையும் தனித்தனியாக எழுது, கேட்டியா. வயரின் நீளத்தையும் சேர்த்து எழுது.