வளையும் ஷாஃப்டுக்கு எண்ணெயா, கிரீஸா?

கேள்வி: ரேடியோவால் இயங்கும் என் மாதிரி விரைவுப் படகில் மோட்டார் சீக்கிரமே சூடாகிறது, மோட்டாரைப் புரொப்பெல்லரோடு இணைக்கும் தண்டான ஷாஃப்ட் செல்லும் குழாய் வழியே தண்ணீரும் கசிகிறது. எதைப் பூச வேண்டும்?

பதில்: விரைவுப் படகு என்பதால், எஃகு இழைகளை முறுக்கிச் செய்த வளையும் ஷாஃப்ட் அதில் இருக்கும் என்று கொள்கிறேன். தண்ணீரில் எளிதில் கழுவப்படாத, படகுகளுக்கென்றே விற்கப்படும் கிரீஸ்தான் அதற்கு ஏற்றது. உராய்வைக் குறைப்பதோடு, குழாய் வழியே தண்ணீர் ஏறாமலும் அது ஓரளவு தடுக்கும். தையல் இயந்திர எண்ணெய் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும், இந்த வேகத்தில் அது நிற்காது.

ஒவ்வொரு நாள் ஓட்டமும் முடிந்தபின், பேட்டரியைக் கழற்றிவிட்டு, மோட்டார் பக்க இணைப்பைத் தளர்த்தி, ஷாஃப்டைப் பின்புறமாக உருவிப் பழைய கிரீஸைத் துடைத்தெடுங்கள். அது மோர்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று பொருள். துணியில் இழை ஏதேனும் சிக்கினால் ஷாஃப்டையே மாற்றிவிடுவது நல்லது.

புதிய கிரீஸ் பூசித் திரும்பச் செருகும்போது, புரொப்பெல்லரைப் பிடிக்கும் பித்தளைத் துண்டுக்கும் பின்புறத் தாங்கிக்கும் நடுவே 2 அல்லது 3 மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். சுமை ஏறும்போது ஷாஃப்ட் முறுகிச் சற்றே குறுகுவதால், இடைவெளி இல்லையேல் அவை இறுக உராய்ந்து மோட்டாரைச் சூடாக்கும். தங்கள் சிக்கலில் நான் முதலில் சந்தேகிப்பது இதைத்தான்.

மெதுவாகச் செல்லும் படகுகளின் வளையாத ஷாஃப்டுக்கு இலேசான எண்ணெயே போதும். கெட்டியான கிரீஸ் வீணாகப் பேட்டரியைத் தின்னும்.