ஷோரூமில் வேக்குவம் கிளீனர் பார்க்கப் போகும் முன்: கேள்வி பதில்

கேள்வி: 1200 வாட் மாடலும் 1800 வாட் மாடலும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கு. பெரிய வாட் நல்லா இழுக்கும்னு சேல்ஸ்மேன் சொல்றார். சரியா சார்? (திருச்சி)

பதில்: சரியில்லை. வாட் என்பது மோட்டார் எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது என்ற கணக்கு மட்டுமே. ஐரோப்பிய ஒன்றியம் 2014 செப்டம்பரில் 1600 வாட் என்றும், 2017 செப்டம்பரில் 900 வாட் என்றும் வீட்டுக் கிளீனர்களுக்கு உச்சவரம்பு வைத்தது. அதற்குப் பிறகும் அங்கே கம்பளங்கள் சுத்தமாகத்தான் இருக்கின்றன. காற்றுப் பாதையையும் பிரஷ் தலையையும் சரியாக வடிவமைத்தால் குறைந்த வாட்டே போதும்.

அட்டைப்பெட்டியில் உறிஞ்சும் அழுத்தத்தைச் சொல்லும் கிலோ பாஸ்கல் (kPa) கணக்கைத் தேடுங்கள். ஆனால் அது குழாய் வாயை முழுக்க அடைத்து, காற்றே ஓடாதபோது அளந்த எண். தூசியைத் தூக்கிக்கொண்டு போவது ஓடும் காற்று. அதனால் விநாடிக்கு எத்தனை லிட்டர் காற்று என்றும் போட்டிருக்கிறதா பாருங்கள். இரண்டையும் வெளிப்படையாகப் போடும் கம்பெனியை நான் கூடுதலாக நம்புவேன்.

இன்னொன்று: 1800 வாட் என்றால் கிட்டத்தட்ட 8 ஆம்பியர். ஹாலில் இருக்கும் 6 ஆம்பியர் பிளக் பாயின்ட் தாங்குவது சுமார் 1380 வாட்தான். ஏசிக்குப் போடும் 16 ஆம்பியர் பாயின்ட் வேண்டும். சாதாரண எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டினால் பிளக் சூடாகி உருகலாம்.

கேள்வி: கடையில் வைத்தே எதையெல்லாம் சோதிக்கலாம்? (கோவை)

பதில்: டிஸ்ப்ளே பீஸை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஓட்டாத கடையில் வாங்காதீர்கள்.

பேக்கிங் சோடாவைக் கறுப்புத் துணியில் தூவி, ஒரே இழுப்பில் எடுத்துக் காட்டுவார்கள். மேலாகக் கிடக்கும் பொடியை எந்த மெஷினும் எடுத்துவிடும். நீங்கள் ஒரு சிட்டிகை ரவையைப் பொட்டலத்தில் கொண்டுபோங்கள். கடைக்காரரிடம் கேட்டுவிட்டு, டைல்ஸ் இடுக்கிலும் சுவர் ஓரத்திலும் தூவி, தரை பிரஷ்ஷை மெதுவாக ஒருமுறை நகர்த்துங்கள். இடுக்கில் எவ்வளவு மிச்சம், சுவரை ஒட்டி எவ்வளவு அகலத்துக்கு எடுக்காமல் விடுகிறது என்று குனிந்து பாருங்கள். சிலது முன்னால் இருக்கும் ரவையைத் தள்ளிக்கொண்டே போகும். அது பிரஷ் வடிவத்தின் குறை, மோட்டாருடையது அல்ல. பிறகு கம்பளத்தில் நாலைந்து தலைமுடியைக் காலால் தேய்த்து அழுத்திவிட்டு இழுங்கள். அதில்தான் வித்தியாசம் தெரியும்.

அடுத்து ஹோஸ் முனையை உள்ளங்கையால் மூடுங்கள். சீல் நன்றாக இருந்தால் மோட்டார் சத்தம் சட்டென்று கீச்சென்று உயரும். உயராமல், இணைப்புகளில் உஸ்ஸென்று காற்று வந்தால் வாஷர் சரியில்லை. டப்பா மூடி ஓரத்திலும் கைவைத்துப் பாருங்கள்.

டப்பாவை நீங்களே திறந்து மூடுங்கள், ஃபில்டரைக் கழற்றுங்கள். கை அழுக்காகாமல் கழற்ற முடியாவிட்டால் வீட்டில் ஒருவரும் அதைச் சுத்தம் செய்யமாட்டார்கள். நிமிர்ந்து நின்று தள்ளிப் பாருங்கள்; பைப் நீளம் போதாமல் முதுகு வளைந்தால் அந்த மாடல் உங்களுக்கு வேண்டாம்.

கேள்வி: பையனுக்கு வீசிங். பேக் உள்ளதா, பேக் இல்லாததா? (சேலம், ஒரு அம்மா)

பதில்: பேக் உள்ளதை வாங்குங்கள் அம்மா. பேக் இல்லாத டப்பாவைக் கொட்டும்போது நுண்தூசி திரும்ப முகத்துக்கே வரும். பேப்பர் பேக்கை அப்படியே கழற்றிப் போட்டுவிடலாம். பேக் தொடர்ந்து கிடைக்கிறதா, ஒன்று என்ன விலை என்று வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

ஃபில்டரில் எச்13 (H13) என்ற ஹெப்பா (HEPA, நுண்தூசி வடிகட்டி) தரம் போட்டிருக்கவேண்டும். பிடிக்கக் கடினமான நுண்துகளிலும் 99.95 சதவீதத்தை நிறுத்தும் தரம் அது. ‘ஹெப்பா டைப்’ என்று மட்டும் போட்டிருந்தால் அந்த உத்தரவாதம் இல்லை. மெத்தையில் வாராவாரம் கிளீனர் போட்டு இழுங்கள், ஆனால் உயிருள்ள தூசிப்பூச்சி துணி இழைகளைப் பற்றிக்கொண்டிருக்கும். படுக்கை விரிப்பை 60 டிகிரி வெந்நீரில் துவைப்பதும் சேர்ந்தால்தான் பலன். கூட்டும்போது பையன் அந்த அறையில் இருக்கவேண்டாம்.

கேள்வி: தண்ணீரும் இழுக்கும் மாடல் வாங்கலாமா? (சென்னை)

பதில்: கார், பால்கனி, மழைத் தண்ணீர் என்று வேலை இருந்தால் ‘வெட் அண்ட் டிரை’ வாங்கலாம். தண்ணீர் இழுக்கும் முன் பேப்பர் பேக்கையும் துணி ஃபில்டரையும் எடுத்துவிட்டு, ஃபோம் ஃபில்டர் போடவேண்டும். டிரம் நிறைந்ததும் உள்ளே இருக்கும் மிதவை மேலேறி உறிஞ்சலை நிறுத்தும். சத்தம் மாறியதும் ஆஃப் செய்து கொட்டுங்கள். சோப்பு நுரை வேண்டாம். நுரை மிதவையை ஏமாற்றி மோட்டாருக்குள் போய்விடும். முடிந்ததும் ஹோஸ் காயும்வரை சில நிமிடம் வெறுமனே ஓட்டி, டிரம்மைத் திறந்து வையுங்கள். டிரை மட்டும் என்று எழுதிய மெஷினில் ஒரு டம்ளர் தண்ணீர்கூட ஆபத்து.

கேள்வி: கார்ட்லெஸ் ஸ்டிக், 45 நிமிடம் ஓடும்னு போட்டிருக்கு. (பெங்களூரு)

பதில்: அது குறைந்த வேகத்தில், பெரும்பாலும் சுழலும் பிரஷ் இல்லாமல் அளந்தது. நீங்களே கணக்குப் போடலாம்: 25.2 வோல்ட், 2500 மில்லி ஆம்பியர் மணி பேட்டரி என்றால் 63 வாட் மணி. 400 வாட் மோட்டாரை முழு வேகத்தில் ஓட்டினால் ஒன்பது நிமிடம்தான். கழற்றி மாட்டும் பேட்டரி உள்ளதாக எடுங்கள். சில வருடத்தில் பேட்டரி எப்படியும் தளரும்.

கேள்வி: ரோபோ? (மதுரை)

பதில்: முதலில் வாசற்படி உயரத்தை அளந்து பாருங்கள். பெரும்பாலான ரோபோ சுமார் 2 சென்டிமீட்டர் வரைதான் ஏறும். பழைய வீட்டு நிலைப்படியில் ஒவ்வொரு அறைக்கும் நீங்கள்தான் தூக்கிவைக்கவேண்டும்.

கேள்வி: வாங்கி மூணு மாசம், இழுவையே இல்லை. மோட்டார் போயிடுச்சா? (தஞ்சாவூர்)

பதில்: பெரும்பாலும் இருக்காது. ஹோஸைக் கழற்றி, மெஷின் வாயில் கைவைத்துப் பாருங்கள். அங்கே நன்றாக இழுத்தால் அடைப்பு ஹோஸிலோ பிரஷ்ஷிலோ இருக்கிறது. அங்கேயும் பலவீனம் என்றால் பேக் அல்லது ஃபில்டர். வீட்டில் பட்டி பார்த்த தூசி, சிமென்ட், கோலமாவு, விபூதி இழுத்தீர்களா? இந்த மாவுப் பொடிகள் ஃபில்டர் துளைகளில் அப்பிக்கொள்ளும். ஊதுபத்திச் சாம்பலில் கனல் இருந்தால் பேக்கே பற்றிக்கொள்ளும், அதை ஒருபோதும் இழுக்காதீர்கள்.

கழுவலாம் என்று எழுதியிருந்தால் மட்டும் ஃபில்டரைச் சோப்பில்லாத தண்ணீரில் அலசி, நிழலில் 24 மணி நேரம் காயவிடுங்கள். ஐப்பசி மழை நாளில் இரண்டு நாள். ஈரத்தோடு போட்டால் நாற்றம் வரும், மோட்டாரும் கெடும். ஓடிக்கொண்டிருக்கும்போதே தானாக நின்றிருந்தால் சூடு கட்-ஆஃப் வேலை செய்திருக்கிறது. அடைப்பை எடுத்து, ஒரு மணி நேரம் ஆறவிட்டுப் போடுங்கள். கருகிய வாசனையோடு உள்ளே நிறையப் பொறி தெரிந்தால் மோட்டாருக்குள் மின்சாரம் கடத்தும் கரித்துண்டான கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். மெக்கானிக் மாற்றித் தருவார், சிறிய செலவுதான்.

கேள்வி: ஆடித் தள்ளுபடியில் வாங்கலாமா? (நெல்லை)

பதில்: வாங்கலாம். டிஸ்ப்ளே பீஸைத் தலையில் கட்டவிடாமல், சீல் பிரிக்காத பெட்டியைக் கேளுங்கள். அதைக் கடையிலேயே பிரித்து இடுக்கு நாஸில், சோபா பிரஷ், தரை பிரஷ் எல்லாம் இருக்கிறதா என்று எண்ணிவிட்டு, பில்லில் மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் போட்டு வாங்குங்கள். ‘5 வருட வாரன்டி’ என்றால் மோட்டாருக்கு மட்டுமா, முழு மெஷினுக்கா என்று கார்டில் படித்துப் பாருங்கள். ஹோஸ், பேக், ஃபில்டருக்குப் பெரும்பாலும் கிடையாது.